குழல்வாயின் ஒடுக்கமும் சுடுபவரின் பொறுப்பும்

பிரிட்டனில் வசிக்கும் எனது சகோதரியின் மகன் அண்மையில் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டார். பொலிஸாரிடம் முறைப்படி அனுமதிப்பத்திரம் பெற்று, இரண்டு வருடங்களாக வார இறுதி நாட்களில் களிமண் தட்டுகளைச் சுடும் விளையாட்டில் ஈடுபட்டுவருபவர் அவர். எதிர்வரும் குளிர்காலத்தில் ஃபெசன்ட் பறவை வேட்டைக்கும் நண்பர்கள் அழைத்திருக்கிறார்கள். "மாமா, 32 இஞ்சிக் குழலும் ஃபுல் சோக்கும் எண்டால் தூரத்தில போறதையும் விழுத்தலாம் எண்டு சொல்லினம். உண்மையோ?" என்பதே அவரது கேள்வி.

துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டதும் எமது மக்களின் மனதில் எழும் நினைவுகள் வேறு. போரைப் பற்றி எழுதியே எனது பத்திரிகை வாழ்வின் பெரும் பகுதி கழிந்துபோனது. நான் துப்பாக்கி வல்லுநனும் அல்லன். ஆனாலும் அந்தக் கேள்வி என்னைப் பல தசாப்தங்கள் பின்னோக்கி அழைத்துச்சென்றது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வன்னியில் வயல் செய்த எனது பெரிய மாமாவிடம் இரட்டைக் குழல் துவக்கு ஒன்று இருந்தது. பயிர்ப் பாதுகாப்புக்கென்று கச்சேரியில் அனுமதி பெற்றது. வலது குழல் சற்று விரிந்த வாய். இடது குழல் நன்கு ஒடுங்கிய வாய். ஒரு மாலைப்பொழுதில் குளத்துக்கு மேலாக, மிகவும் தொலைவில் பறந்துசென்ற தாராக்கூட்டத்தை நோக்கி இடது குழலால் சுட்டார். ஒரு பறவை தடுமாறியது. விழவில்லை. சிறகொன்று தொங்க, தாழ்ந்து சென்று தாமரைகளுக்கு இடையில் மறைந்தது. இருட்டும்வரை தேடினோம். மறுநாள் காலையிலும் தேடினோம். கிடைக்கவில்லை. "எட்டாத இடத்துக்கு அடிச்சது என்ர பிழை" என்று மாத்திரம் மாமா சொன்னார்.

'சோக்' என்பது குழலின் வாய்ப்புறத்தில் செய்யப்படும் சிறிய ஒடுக்கம். 12 ஆம் இலக்கத் துப்பாக்கியின் குழல் ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர் உள்விட்டம் கொண்டது. முழுச் சோக் எனப்படுவதில் அந்த விட்டம் ஒரு அங்குலத்தின் ஆயிரத்தில் 40 பங்கு, அதாவது ஒரு மில்லிமீற்றர் அளவுக்கே குறைக்கப்படுகிறது. கால் சோக்குக்கு ஆயிரத்தில் 10 பங்கு, அரைக்கு 20, முக்காலுக்கு 30 என்று கணக்கு. இந்தச் சிறு ஒடுக்கம் சன்னங்கள் பரவும் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. 1875 ஆம் ஆண்டில் 'த ஃபீல்ட்' சஞ்சிகை லண்டனில் நடத்திய பரிசோதனைகளில் பர்மிங்ஹாம் துப்பாக்கித் தயாரிப்பாளரான டபிள்யூ. டபிள்யூ. கிறீனரின் சோக் துப்பாக்கிகள் வெற்றிபெற்றதைத் தொடர்ந்தே இது பரவலான செல்வாக்கைப் பெற்றது. இறுக்கமான குழலே சிறந்த குழல் என்ற எண்ணமும் அதனுடன் சேர்ந்தே வளர்ந்தது எனலாம்.

கணக்கைப் பார்ப்போம். 40 யார் தூரத்தில் 30 அங்குல விட்டமுள்ள வட்டத்தினுள் விழும் சன்னங்களின் வீதத்தைக் கொண்டே சோக்கின் தரம் அளவிடப்படுகிறது. ஒடுக்கமே இல்லாத குழலுக்கு 40 சதவீதம், கால் சோக்குக்கு 55, அரைக்கு 60, முழுவுக்கு 70. பிரிட்டிஷ் 6 ஆம் இலக்க ஈயச் சன்னங்கள் நிரப்பிய 30 கிராம் தோட்டாவில் 280 க்கும் அதிகமான சன்னங்கள் இருக்கும். ஃபெசன்ட் பறவைக்கு அந்த வட்டத்தினுள் சுமார் 120 சன்னங்கள் போதும் என்பது வேட்டைக்காரர்கள் நெடுங்காலமாகக் கைக்கொண்டுவரும் அளவு. கால் சோக் 40 யாரில் 150 க்கும் அதிகமான சன்னங்களைத் தந்துவிடுகிறது. பெரும்பாலான பறவைகள் சுடப்படுவதோ 20 முதல் 30 யார் தூரத்துக்குள்தான். அப்படியானால் முழுச் சோக்கினால் அங்கு என்ன பயன்?

பயனில்லை என்பது மாத்திரமல்ல, தீங்கும் உண்டு. 20 யாரில் ஒடுக்கமில்லாத குழலின் சன்னங்கள் ஏறத்தாழ 32 அங்குல விட்டத்துக்குப் பரவுகின்றன. முழுச் சோக்கில் 16 அங்குலம் மாத்திரமே. விட்டம் பாதியானால் பரப்பளவு நான்கில் ஒன்றாகிவிடும். நான்கில் ஒரு பங்கு இடத்துக்குள் குறியை வைக்கக்கூடிய திறமை வார இறுதி வேட்டைக்காரர்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது? ஒன்றில் பறவை முழுமையாகத் தப்பிவிடும்; அல்லது உண்ண முடியாதபடி சிதைந்துவிடும்.

சோக் சன்னத்துக்கு வலுவைக் கொடுப்பதில்லை என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். 60 யாரில் கூட்டமாகச் சென்று சேரும் சன்னங்களும் வேகம் இழந்த சன்னங்களே. மணிக்கு 64 கிலோமீற்றர் வேகத்தில் குறுக்காகப் பறக்கும் பறவை, சன்னங்கள் 40 யாரைக் கடப்பதற்குள் ஏறத்தாழ இரண்டரை மீற்றர் நகர்ந்துவிடும். தூரம் கூடும்போது இந்த முன்கணிப்பில் ஏற்படும் பிழையும் கூடுகிறது. அந்தப் பிழையின் விலையைக் கொடுப்பது சுடுபவர் அல்ல. காயத்துடன் பறந்துபோகும் பறவையே அதைக் கொடுக்கிறது.

குழலின் நீளமும் இதைப் போன்றதே. நீண்ட குழல் தொலைதூரம் எறியும் என்பது மெதுவாக எரியும் கருமருந்துக் காலத்து நம்பிக்கை. இன்றைய புகையற்ற மருந்து குழலின் முற்பகுதியிலேயே பெரும்பாலும் எரிந்துவிடுகிறது. ஒரு அங்குல நீளம் கூடுவதால் கிடைக்கும் வேகம் மிகச் சொற்பம். 30, 32 அங்குலக் குழல்களின் உண்மையான பயன் துப்பாக்கி சீராக, தடங்கலின்றி அசைவது. அது களிமண் தட்டுப் போட்டிகளுக்கு உகந்தது. அடர்ந்த புதர்களுக்கு இடையே நடந்து வேட்டையாடுபவருக்கு 28 அங்குலமே இலகுவானது.

இறுக்கமான சோக் எங்குமே வேண்டாம் என்று நான் கூறவில்லை. ஒலிம்பிக் ட்ராப் போட்டியில் வீரர்கள் தட்டுகளை எறியும் அகழிக்கு 15 மீற்றர் பின்னால் நிற்கிறார்கள். 110 மில்லிமீற்றர் விட்டமுள்ள தட்டு அவர்களிடமிருந்து விலகி, மணிக்கு சுமார் 100 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கிறது. தோட்டாவில் 24 கிராமுக்கு மேல் சன்னங்கள் இருக்கக்கூடாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தப் போட்டியில் பங்கேற்ற புதுக்கோட்டையின் பிரித்விராஜ் தொண்டைமானைப் போன்றவர்களுக்கு முக்கால் அல்லது முழுச் சோக் அவசியமே. ஆனால் ஸ்கீட் போட்டியில் தட்டு பெரும்பாலும் 20 யார் அளவிலேயே உடைக்கப்படுவதால் அங்கு விரிந்த வாயே வேண்டும். தூரமே சோக்கைத் தீர்மானிக்கிறது. சோக்கைக் கொண்டு தூரத்தைத் தீர்மானிக்க முனைவதுதான் தவறு. தவறவிட்ட தட்டுக்கு வலியில்லை என்ற வேறுபாட்டையும் மறந்துவிடக்கூடாது.

இப்போது இன்னொரு மாற்றமும் வந்துகொண்டிருக்கிறது. நீர்ப்பறவைகள் ஈயச் சன்னங்களைச் சிறுகற்கள் என்று விழுங்கி நஞ்சேறி மடிவதால், அமெரிக்கா 1991 ஆம் ஆண்டிலேயே நீர்ப்பறவை வேட்டையில் ஈயத்தை நாடளாவிய ரீதியில் தடைசெய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈரநிலங்களில் 2023 பெப்ரவரி முதல் தடை நடைமுறையில் இருக்கிறது. பிரிட்டன் அரசாங்கமும் 2025 ஜூலையில் ஈயச் சன்னங்களுக்கு எதிரான கட்டுப்பாடுகளை, மூன்று வருட கால அவகாசத்துடன், அறிவித்தது. மாற்றாக வரும் உருக்குச் சன்னங்கள் ஈயத்தைவிடக் கடினமானவை, எடை குறைந்தவை. அவை விரைவில் வேகம் இழக்கின்றன. அதேவேளை அதிகம் பரவாமல் கூட்டமாகச் செல்கின்றன. ஆகையால் சன்னத்தின் அளவைக் கூட்டி, சோக்கைக் குறைக்க வேண்டும். அரைச் சோக்குக்கு மேல் வேண்டாம் என்பதே பொதுவான அறிவுரை. பழைய துப்பாக்கி வைத்திருப்பவர்கள் உருக்குத் தோட்டாக்களைப் பயன்படுத்துவதற்கு முன்னர் அதைத் துப்பாக்கித் திருத்துநர் ஒருவரிடம் காட்டவேண்டியது கட்டாயம். தடையை எதிர்த்து முணுமுணுப்பவர்களின் ஆதங்கம் புரிகிறது. ஆனால் அந்த மாற்றம் எம்மை நெருங்கிச் சுட வைக்குமானால், அது பறவைகளுக்கும் நல்லது, வேட்டையின் பெயருக்கும் நல்லது.

மருமகனுக்கு நான் சொன்ன பதில் இதுதான். 30 அங்குலக் குழலுடன், சோக்கைக் கழற்றிப் பூட்டக்கூடிய துப்பாக்கி ஒன்றை வாங்கட்டும். ஒன்றுக்குக் காலும் மற்றதற்கு அரையும் போதும். வேட்டைக்குச் செல்வதற்கு முன்னர் பெரிய வெள்ளைத் தாள்களை 30, 40 யார் தூரங்களில் கட்டி, தான் பயன்படுத்தப்போகும் தோட்டாவினால் பல தடவைகள் சுட்டு, சன்னங்கள் நெருங்கிய இடத்தில் 30 அங்குல வட்டம் வரைந்து துளைகளை எண்ணட்டும். சோக்கின்மீது பொறித்திருக்கும் எழுத்தைவிட அந்தத் துளைகளே உண்மை பேசும். ஒரே சோக்கில் தோட்டாவை மாற்றினால் எண்ணிக்கையும் மாறும் என்பதை அவர் தானாகவே கண்டுகொள்வார். அதன் பிறகு தனது எல்லை எத்தனை யார் என்பதைத் தானே முடிவுசெய்து, அதை மீறாதிருக்க வேண்டும்.

"அப்ப அதுக்கு அங்கால போறதை என்ன செய்யிறது, மாமா?" என்று கேட்டார்.

"போக விடு" என்றேன்.