பிள்ளையின் கைக்கெட்டும் அலுமாரி

பாடசாலை நாட்களில் விடியற்காலை ஐந்து மணி முதல் ஏழு மணி வரை நம் இல்லங்களில் எழும் ஓசைகளை வரிசைப்படுத்தினால், அடுப்படியில் தேங்காய் திருவும் ஓசைக்கு அடுத்தபடியாக நிற்பது, "அம்மா, என்ர மற்றக் காலுறை எங்கை?" என்னும் குரலேயாகும். பெரும்பாலான பாடசாலைகளில் ஏழரைக்கு மணி அடித்துவிடும். தூரத்துப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வான் ஆறரைக்கே படலையில் வந்து ஒலியெழுப்பும். மாப் பிசைந்த கையுடன் தாய் அறைக்கு ஓடுகிறாள், அலுமாரியைக் குடைகிறாள், காலுறை கிடைக்கிறது, கழுத்துப்பட்டியைக் காணோம்.

இந்த அவதியில் இழக்கப்படுவன சில நிமிடங்கள் மட்டுமே என்று கருதுதல் தவறு. தேடிக் களைத்த தாயின் வாயிலிருந்து சுடுசொல்லொன்று வெளிப்பட்டு விடுகிறது. அதனைக் கேட்டுக் கண்கலங்கியவாறே படலையைக் கடக்கும் பிள்ளை, முதற் பாடத்தை எந்த மனத்துடன் கேட்கும்? சொல்லிவிட்ட தாயும் பகல் முழுவதும் அச்சொல்லையே நினைந்து வருந்துகிறாள். இதற்கெல்லாம் காரணம் பிள்ளையின் சோம்பலென்று நாம் எளிதில் தீர்ப்புக் கூறிவிடுகிறோம். அலுமாரியை ஒருமுறை பிள்ளையின் கண்கொண்டு பார்ப்போமாயின் உண்மை விளங்கும். சீருடை மேல்தட்டில் இருக்கிறது, எட்டாது. எட்டிப் பிடித்து இழுத்தால் அடுக்கு முழுவதும் சரிகிறது. சரிந்தால் ஏச்சுக் கிடைக்கிறது. ஆகவே, "அம்மா!" என்று கூவுவதே அப்பிள்ளை கண்ட வழி. நாமே கற்பித்த வழியும் அதுவே.

நம் நாட்டில் சிறுபிள்ளைகளின் பள்ளியை "மொண்டிசோரி" என்றே அழைத்துப் பழகிவிட்டோம். அப்பெயருக்குரிய மரியா மொண்டிசோரி அம்மையார் இத்தாலிய நாட்டு வைத்தியர். 1907ஆம் ஆண்டு உரோமாபுரியில் வறியோர் வாழ்ந்த பகுதியொன்றில் பிள்ளைகளுக்கான இல்லமொன்றை அவர் தொடங்கினார். பயிற்சிப் பொருட்கள் யாவும் முதலில் அங்கும் பூட்டிய அலுமாரியொன்றிலேயே இருந்தன. எடுத்துக் கொடுத்தவர் ஆசிரியையே. ஒருநாள் ஆசிரியை அதனைப் பூட்ட மறந்துவிட்டார். மறுநாள் அவர் பிந்தி வந்தபோது, பிள்ளைகள் தாமே கதவைத் திறந்து, வேண்டியவற்றை எடுத்துக்கொண்டிருந்தனர். ஆசிரியை அதனைக் களவென்று எண்ணினார். அம்மையாரோ, தமக்கு வேண்டியதைத் தாமே தெரிந்தெடுக்கும் ஆற்றல் பிள்ளைகளிடம் உண்டென்பதை அதிற் கண்டார். அதன்பின் அவ்வில்லத்திற்குத் தாழ்ந்த அலுமாரிகள் வந்தன. பொத்தான் பூட்டவும் நாடா முடியவும் பழகுதற்கென்று மரச்சட்டங்களையும் அவர் அமைத்தார். 1944இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். அவர் பெயரால் விளங்கும் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் நாம், வீட்டில் அவர் மாற்றிவிட்ட பழைய அலுமாரியையே இன்னும் வைத்திருக்கின்றோம்!

மாற்றுதற்குப் பணம் வேண்டியதில்லை. ஒரு ஞாயிறு மாலை போதும். பிள்ளையையும் அருகில் இருத்திக்கொண்டு அலுமாரியை வெறுமையாக்குங்கள். உடைகளைப் பாடசாலைக்குரியவை, வீட்டிற்குரியவை, கோயிலுக்கும் கொண்டாட்டங்களுக்கும் உரியவை என மூன்றாகப் பிரியுங்கள். அளவு சிறுத்தவற்றை இளையவர்க்கோ அயலவர்க்கோ கொடுத்துவிடுங்கள். பின்பு பிள்ளையை அலுமாரியருகே நிறுத்தி, அதன் தோளுயரத்திற்கு ஓர் அடையாளம் இடுங்கள். நாள்தோறும் வேண்டியவை யாவும் அவ்வடையாளத்தை ஒட்டியும் அதற்குக் கீழும் இருக்கட்டும். பட்டுப் பாவாடையும் திருநாட் சட்டையும் மேலே போகட்டும். ஐந்து வயதிற்கு மேற்பட்ட பிள்ளை ஆண்டொன்றிற்கு ஏறத்தாழ இரண்டு அங்குலம் வளருமாதலால், புதுவகுப்புத் தொடங்குந்தோறும் அடையாளத்தை உயர்த்துதல் வேண்டும். சீருடை தைப்பிக்கும்போது விளிம்பில் இரண்டங்குல மடிப்பு விடுவித்தலும் இதே காரணத்தால் நன்று.

உடைகளை வகைவகையாக அடுக்குவதினும், ஒரு நாளைக்குரியவற்றை ஒன்றாக வைத்தல் சிறந்தது. உட்சட்டை, மேற்சட்டை, களுசான் அல்லது கவுண், சோடியாக மடித்த காலுறை, கழுத்துப்பட்டி, கைலேஞ்சி ஆகியவை ஒரே இடத்தில் இருக்குமாயின், ஒன்று குறைந்தாலும் முதல்நாள் மாலையிலேயே தெரிந்துவிடும். பொத்தான் அறுந்திருப்பதை மாலையிற் கண்டால் அது தையல் வேலை. காலையிற் கண்டால் அது கண்ணீர். சப்பாத்துக்கும் புத்தகப் பைக்கும் வாசலருகே நிலையான ஓரிடம் இருக்கட்டும்.

அலுமாரி இல்லாத வீடுகளும் பல உள. தோட்டத்து லயன் அறையிலும் சிறு கொட்டிலிலும் வாழ்வோர்க்கு இம்முறை பொருந்தாதோ என ஐயுற வேண்டா. சுவரிலே தாழ அறைந்த ஒரு பலகை, அதன்கீழ் இரண்டு கொக்கிகள், பிள்ளைக்கொரு பெட்டி ஆகியவை போதும். இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு ஒரே அலுமாரியானால், ஆளுக்கொரு தட்டு ஒதுக்குங்கள். வாசிக்கத் தெரியாத இளையவனுக்கு ஒரு பூவோ மீனோ வரைந்து ஒட்டினால், தன் தட்டை அவன் மறவான்.

நம் பிள்ளைகளின் சீருடை வெண்ணிறமானது; அழுக்கை மறைக்கத் தெரியாதது. 1993ஆம் ஆண்டு முதலாக அரசாங்கம் சீருடைத் துணியை இலவசமாக வழங்கிவந்தபோதிலும், ஒரு சோடியைக் கொண்டு ஐந்து நாட்களை ஓட்டுதல் கடினம். இரண்டு சோடியாவது உள்ள வீட்டில், ஒன்று உடம்பிலும் மற்றொன்று கொடியிலுமாக மாறிவரச் செய்யலாம். ஆயின் ஐப்பசி, கார்த்திகை மழைநாட்களில் நன்கு உலராத சட்டையை அவசரப்பட்டு உள்ளே வைக்கலாகாது. ஈரத்தாற் கரும்புள்ளி விழுந்துவிடின் வெள்ளைத் துணியிலிருந்து அதனை நீக்குதல் அரிது. பாடசாலையிலிருந்து வந்ததும் வியர்வைச் சட்டையைக் கதவின் பின்னால் மாட்டும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். டெங்கு நோயைப் பரப்பும் நுளம்பு பகலிற் கடிப்பது. அது இருண்ட மூலைகளிலும் தொங்கும் உடைகளிடையேயும் தங்கி இளைப்பாறும். கழற்றிய உடைக்கென்று ஒரு கூடை வைத்தால் இரண்டு நன்மைகள் கிட்டும்.

மற்றுமோர் எச்சரிக்கை. கைக்கெட்டும்படி அமைத்த பின்பும் சிறுவர் லாச்சிகளைத் திறந்து படிபோல் ஏற முயல்வர். உயர்ந்த அலுமாரி முன்னோக்கிச் சரிந்தால் உயிருக்கே ஆபத்து. ஆகையால் அதனைச் சுவருடன் இரும்புத் தகடு கொண்டு இறுகப் பூட்டிவிடுங்கள். பூச்சிகளுக்காக இடும் நப்தலின் உருண்டைகளைப் பிள்ளைகள் இனிப்பென்று எண்ணி வாயிலிடக் கூடும். காய்ந்த வேப்பிலை போதுமானது.

இவ்வளவும் செய்தபின் தாய்மார் செய்யவேண்டிய அரிய காரியம் ஒன்றுண்டு. அது சும்மா இருத்தல். முதல் வாரத்தில் பொத்தான் மாறிப் பூட்டப்படும். இடக்காற் சப்பாத்து வலக்காலில் ஏறும். கால் மணி நேரம் முன்னதாக எழுப்பிவிட்டுப் பொறுத்திருங்கள். பிள்ளை தானே உடுத்தியதை அதன் கண்முன்னே கழற்றித் திருத்துவோமாயின், மறுநாள் அது நம்மையே எதிர்பார்த்து நிற்கும். பெண்பிள்ளை தானே செய்துகொள்ள வேண்டும், ஆண்பிள்ளைக்குத் தாயோ தமக்கையோ எடுத்துக் கொடுக்கவேண்டும் என்னும் பழைய வேற்றுமையும் இங்கே வேண்டா. தந்தைமாரும், "என்ர சேர்ட் எங்கை?" என்று கூவுவதை நிறுத்திக் காட்டுவார்களாயின், அதனினும் சிறந்த பாடம் பிள்ளைக்கு வேறில்லை.

இன்று தன் காலுறையைத் தானே எடுத்துக்கொள்ளும் பிள்ளை, நாளை விடுதியிலும் அந்நிய ஊரிலும் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். அந்த நாள் வரும்வரை, ஓடித் தேடாத தாய் படலை வரை உடன்சென்று, "கவனமாப் போயிற்று வா, ராசா" என்று சொல்லி அனுப்ப நேரம் கிடைக்குமே! அதற்காகவேனும் இன்று மாலை அலுமாரியைத் திறவுங்கள்.