உவர் நிலத்தில் வேரின் தாகம்

வயலில் ஈரம் இருந்தும் பயிர் நடுப்பகலில் துவண்டு, இலை நுனி கருகி நிற்பதுண்டு. அதைக் காணும் குடியானவர் பலர், உரம் போதவில்லை என்றெண்ணி மேலும் ஒரு மூட்டை யூரியாவை இறைக்கின்றனர். உவர் நிலத்தில் இச்செய்கை வீண் செலவு மட்டுமன்று, பயிருக்குக் கேடுமாகும் என்பது நமது அபிப்பிராயம்.

காரணத்தை அறிய அடுக்களைக்குச் சென்றால் போதும். மாங்காய்த் துண்டுகளில் உப்பைப் பிசறி வைத்தால், துண்டுகள் சுருங்கிச் சாடியில் நீர் தேங்குகிறது. வேரிலும் இதுவே நிகழ்கிறது. வேரின் ஒவ்வோர் உயிரணுவையும் மெல்லிய சவ்வு ஒன்று மூடியிருக்கிறது. அது நீரை எளிதில் விடும். உப்பை அவ்வாறு விடாது. நீர் செல்வதற்கென்றே அதில் நுண்ணிய புரத வழிகள் உள்ளன. அவற்றைக் கண்டறிந்த பீட்டர் ஆக்ரே 2003-ஆம் ஆண்டில் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

உப்புக் குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்திற்கே நீர் செல்லும். நல்ல மண்ணில் வேரின் சாறு மண்நீரைவிட அடர்ந்திருப்பதால் நீர் உள்ளே புகுகிறது. மண்நீரில் உப்பு ஏறினால் வேர் நீரை ஈர்க்க இயலாது தவிக்கும்; அளவு மிஞ்சினால் வேரிலுள்ள நீரும் வெளியேறும். உரமும் நீரில் கரைந்து அச்சுமையைக் கூட்டுவதே.

2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை நாகப்பட்டினம் கடலோர வயல்களில் புகுந்தது. கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. பின்னர் பெய்த மழைநீர் அவ்வுப்பைக் கரைத்து வடிந்தோடிய இடங்களில் நிலம் மீண்டது. ஆகவே பரிகாரம் உர மூட்டையில் இல்லை, வடிகாலில் இருக்கிறது.

முதலில் மண்ணையும் பாசன நீரையும் பரிசோதிப்பது அவசியம். மண்ணின் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸுக்கு மேற்பட்டால் அது உவர் நிலம். வரப்பை உயர்த்தி நன்னீரைத் தேக்கி, உப்பு கரைந்தபின் வடித்துவிட வேண்டும். ஜிப்சம் இடுவது சோடியம் மிகுந்த களர் நிலத்திற்குரிய முறை; இரண்டையும் குழப்பலாகாது.

வடிகால் தூர்ந்திருப்பின் இம்முயற்சி யாவும் வீணே. தேங்கிய நீர் ஆவியாகி, உப்பு மீண்டும் மேலே படியும். ஒருவர் பொது வடிகாலை வரப்பிட்டு அடைத்தால் மேலண்டை வயல்கள் அனைத்தும் கெடும். எனவே ஆக்கிரமிப்பை அகற்றிப் பருவத்திற்கு முன்பே தூர்வாரச் செய்வது கிராம அதிகாரிகளின் கடமை. அதற்கு ஒத்துழைப்பது நிலக்கிழாரின் கடமை.