மூர் மார்க்கெட் ஞாபகம் இருக்கா?

சென்ட்ரலில் புறநகர் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்களே, ஒரு நிமிஷம்! நீங்கள் ஓடுகிற அந்த இடத்தில்தான் மூர் மார்க்கெட் இருந்தது. 1900-ல் திறந்த சிவப்புக் கட்டிடம். 1985 மே 30-ந்தேதி தீக்கு இரையானது. அதே வருஷம் பக்கத்திலிருந்த மிருகக்காட்சி சாலையும் வண்டலூருக்குப் போய்விட்டது.

வெளியூரில் செட்டிலாகிவிட்ட பழைய சென்னைவாசி யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "பத்து ரூபாம்பான், மூணு ரூபாய்க்குக் கேளு" என்று ஆரம்பிப்பார். பழைய பாடப் புத்தகம், கிராமபோன் தட்டு, கிளி, புறா, கலர் மீன்... வாய் ஓயாது. கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடுவதாகக் கூட்டம் சேர்ப்பார்களே! கடைசிவரை சண்டை நடக்காது. தாயத்துதான் விற்கும். ஏமாந்த கதையைக்கூட சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார்கள்.

கடைக்காரர்களுக்கு அல்லிக்குளம் வளாகத்தில் இடம் கொடுத்தார்கள். மார்க்கெட் இருந்த இடத்தில் ரயில் நிலையம் வந்தது. வேண்டியதுதான், யாரும் குறை சொல்லவில்லை. வாசலில் மார்க்கெட்டின் சின்ன மாதிரிக் கட்டிடமும் வைத்தார்கள். சந்தோஷம்!

ஆனால் ஆட்கள்? தீப்பிடித்தபோது இருபது வயதில் கல்லாவில் உட்கார்ந்திருந்தவருக்கு இன்று அறுபது தாண்டிவிட்டது. எந்த வரிசையில் எந்தக் கடை, யார் என்ன விற்றார், எரிந்த மறுநாள் எப்படிப் பிழைத்தார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். செல்போனும் கையுமாக ஒரு ஆளை மாநகராட்சி அனுப்பினால் போதும், பதிவு செய்துவிடலாம். பெரிய செலவில்லை. நாளைக்கே அனுப்பலாமே!