பேனர் வேண்டாம், அரை மணி நேரம் போதும்!

சென்ற மாதம் எங்கள் தெருப் பெண்கள் பத்துப் பேர் கூடிப் பேசினோம். "சீட்டும் சீரியலும் பேசினது போதும். நமக்குப் படிக்கத் தெரியும் என்பதை வைத்து நாலு பேருக்கு உதவலாமே" என்றார் ஒருவர். நல்ல யோசனைதான். பழைய புத்தகம் சேகரித்துப் பள்ளிக்குக் கொடுக்கலாம், குழந்தைகளுக்குக் கதைப் போட்டி வைக்கலாம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். கடைசியில் பேனர் என்ன கலரில் இருக்க வேண்டும் என்பதில் வந்து நின்றது பேச்சு!

எனக்கோ பக்கத்து வீட்டு அக்காவின் நினைப்புதான். நாற்பது வருஷமாகத் தறியில் உட்காருகிறவர். கோர்வைச் சேலையில் கரையும் உடலும் சேரும் இடத்தில் ஒரு இழை தப்பினாலும் கண்டுபிடித்து விடுவார். ஆனால் எழுத்து தெரியாது. மகள் கல்யாணத்துக்கு ஓரிடத்தில் கடன் வாங்கி, நீட்டின காகிதத்தில் கைநாட்டு வைத்து விட்டார். தவணை தவறினால் அபராதம் என்று அதில் இருந்திருக்கிறது. ஒரு சேலைக் கூலி முழுக்க அபராதத்துக்கே போன பிறகுதான் காகிதத்தை என்னிடம் கொண்டு வந்தார்.

"முன்னாடியே கேட்டிருக்கக் கூடாதா அக்கா?" என்றேன்.

"உனக்கு ஆயிரம் வேலை. எப்படிம்மா வந்து கேக்கறது?" என்றார்.

சுருக்கென்றது. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தானே!

அதனால்தான் சொல்கிறேன். என்ன சேவை என்பதை நாம் முடிவு செய்ய வேண்டாம். "உங்களுக்கு எதைப் படிச்சுக் காட்டணும்?" என்று அவர்களையே கேட்போம். பாஸ்புக், ரேஷன் கார்டு, மாத்திரைச் சீட்டு, வெளியூர்ப் பேரன் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி... இதுதான் முதல் வாசிப்பு. கதைப் புத்தகம் அப்புறம் தானாக வரும்.

வேலை செய்கிறவர்களுக்குப் படித்துக் காட்டுவது புதுசும் அல்ல. கியூபாவின் ஹவானா சுருட்டு ஆலைகளில் 1865-லேயே, தொழிலாளர்கள் சுருட்டு உருட்ட, ஒருவர் உட்கார்ந்து நாளிதழும் நாவலும் உரக்கப் படித்தார். அவருக்குக் கூலி கொடுத்தது அந்தத் தொழிலாளர்களே! நம் பக்கத்துக் கண்ணூர் பீடித் தொழிலாளர்களிடமும் இந்த வழக்கம் இருந்தது. ஒருவர் பேப்பர் படிப்பார். அவர் பங்கு பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுப்பார்கள்.

நம் தறி வீடுகளுக்கும் இது பொருந்தும். குழித்தறியில் கைக்கும் காலுக்கும் ஓயாத வேலை. தார் சுற்றும் பெண்களுக்கும் அப்படியே. காது மட்டும் சும்மாதானே இருக்கிறது? ஆனால் ஒன்று. புட்டா கணக்குப் பார்க்கும் நேரத்தில் நாம் வாயை மூடிக் கொள்ள வேண்டும். கணக்குத் தப்பினால் நஷ்டம் அவர்களுக்கு!

1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக் கொண்டார்கள். அவர்களுக்குத் தேவையானது அதில் இருந்ததால்தான் ஆசையாக வந்தார்கள். கேட்டுக் கேட்டுத் தானே படிக்க ஆசை வருகிறவர்களும் இருப்பார்கள். பதினைந்து வயதுக்கு மேற்பட்டோருக்காக 2022-ல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டமும் தன்னார்வலர்களை நம்பித்தான் நடக்கிறது. அங்கே அவர்களைச் சேர்த்து விடலாம்.

முக்கியமான விஷயம் ஒன்று. அடுத்தவர் கடன் காகிதத்தைப் படித்து விட்டு, குழாயடியில் போய்ப் பேசக் கூடாது. படித்தது அங்கேயே மறந்து போக வேண்டும். இது முடியாதவர்கள் புத்தகம் சேகரிக்கவே போகலாம், தப்பில்லை!

இப்போது செவ்வாய், வெள்ளி மாலையில் அரை மணி நேரம் நான் அக்கா வீட்டில். முதல் நாள் அக்கா மட்டும். போன வாரம் நாலு பேர், ஆளுக்கொரு காகிதத்தோடு!

உங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள்? ஒரு தடவை எட்டிப் பாருங்களேன், தோழிகளே!

- ஒரு வாசகி, சின்ன காஞ்சிபுரம்.