பாலையாவுக்காகப் பார்த்தோம்

நடிகருக்காக ஒரு தேறாத படத்தைக் கடைசிவரை உட்கார்ந்து பார்ப்பவன் பக்தனாம், பார்வையாளன் என்று சொல்லிக்கொள்ள அவனுக்கு அருகதை இல்லையாம். சென்ற மாதம் ஒரு சகோதர இதழ் இப்படித் தீர்ப்பு எழுதியிருக்கிறது. ஒன்பது பக்கம். பிரெஞ்சுப் பெயர்கள் தனி.

எங்களைத்தான் சொல்கிறார்கள் என்று உடனே உறைத்தது. டி.எஸ். பாலையா இருக்கிறார் என்பதற்காக எத்தனை படங்களைச் சகித்திருக்கிறோம்! போன வாரம்கூடத் தொலைக்காட்சியில் மத்தியானம் ஒன்று. பெயர் சொல்லமாட்டோம், யாராவது தேடிப் பார்த்துவிடுவார்கள். கதாநாயகன் பேசுகிறான், பேசுகிறான், பேசிக்கொண்டே இருக்கிறான். பக்கத்தில் பாலையா, வசனமில்லாமல். துண்டு நுனியைத் திருகியபடி கேட்கிறார். முதலில் நம்புகிறார், பிறகு கணக்குப் போடுகிறார், கடைசியில் நம்பியதுபோலக் காட்டிக்கொள்கிறார். எல்லாம் அந்தக் கன்னத்தில் நடந்து முடிந்துவிடுகிறது. கதாநாயகன் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறான்.

'காதலிக்க நேரமில்லை'யில் (1964) நாகேஷ் கதை சொல்லும் காட்சி என்கிறார்கள். பாலையா கதை கேட்கும் காட்சி என்று ஏன் ஒருவரும் சொல்வதில்லை? அவர் நடுங்காவிட்டால் அந்தப் பேய்க்கதைக்கு ஏது பேய்? மறு வருஷம் 'திருவிளையாடல்'. ஹேமநாத பாகவதராகப் பாலையா பாடும் பாட்டு எல்லோருக்கும் தெரியும். விறகுவெட்டி பாடும்போது அந்த வித்வானின் முகத்தை ஒருமுறை பாருங்கள். 1936இல் 'சதி லீலாவதி'யில் வில்லனாக நுழைந்த மனிதர், முப்பது வருஷத்தில் கேட்பதை ஒரு வித்தையாக்கியிருக்கிறார். (எம்.ஆர். ராதாவுக்காகப் பார்த்தோம் என்றால் அரசியல் என்று ஏற்றுக்கொள்வார்கள். பாலையாவுக்கு அந்தச் சலுகை கிடையாது.)

பக்தன் என்ற சொல்லிலேயே எங்களுக்குத் தகராறு. பக்தன் குறை சொல்லமாட்டான். நாங்கள் படம் முழுக்கத் திட்டிக்கொண்டேதான் பார்க்கிறோம்.

இயக்குநர்தான் எல்லாம் என்று அந்த இதழ் சொல்கிறதே, அது எந்த ஊர் வழக்கம்? ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து. ஒத்திகை கிடையாது, மேடையில்தான் சந்திப்பு. 'வள்ளி திருமணம்' கதை பார்க்க வந்தவர்களுக்கே மனப்பாடம். அன்றைக்கு வள்ளியும் நாரதரும் தர்க்கத்தில் எப்படி மோதுகிறார்கள் என்பதற்காக விடிய விடிய உட்கார்ந்திருந்தார்கள். கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் பாடிய காலத்தில், முருகன் வள்ளியைக் கட்டுவாரா மாட்டாரா என்று தெரியாமலா ஜனம் டிக்கெட் வாங்கியது?

அந்த இதழ் பெயர் சொல்லும் பிரெஞ்சு விமர்சகர்கள் மட்டும் என்ன செய்தார்கள்? தங்களுக்குப் பிடித்த இயக்குநர் என்றால் அவருடைய சொத்தைப் படத்தையும் உச்சிமுகர்ந்தார்கள். அங்கே அதற்குப் பெயர் கோட்பாடு. இந்தச் சகோதர இதழே, மறைந்த எழுத்தாளர் ஒருவரின் மளிகைக் கணக்கைக் கையெழுத்து மாறாமல் சிறப்பிதழில் அச்சிட்டது. அரைக் கிலோ துவரம்பருப்பு, சீயக்காய், பழைய பாக்கி. அதற்குப் பெயர் ஆய்வு. விருதுக் குழுக்களும் இதே கதைதான்: முப்பது வருஷத்துக்கு முன் எழுதிய ஒரு நல்ல நாவலுக்காக, போன வருஷம் எழுதிய மட்டமான நாவலுக்குப் பொன்னாடை.

எங்கள் இதழையே வாசகர் ஒருவர் ஒரே ஒரு கவிஞருக்காக வாங்குகிறார். வீட்டுக்குப் போயிருந்தபோது எடுத்துக் காட்டினார். அந்தக் கவிதைப் பக்கங்களில் மட்டும் விரல் அழுக்கு. மற்றவை அச்சகத்திலிருந்து வந்த மாதிரியே இருந்தன, இந்தத் தலையங்கப் பக்கம் உட்பட. அந்தக் கவிஞர் கடைசி மூன்று இதழ்களாக எதுவும் அனுப்பவில்லை. வாசகர் சந்தாவைப் புதுப்பித்திருக்கிறார்.