விதியும் விளக்கும்

சோளகக் காற்று வீசும் இரவுகளில், மன்னார்த் தீவின் கரையோரக் குடிசைகளிலே போத்தல் விளக்கின் சுடர் ஆடுவதை இளமையில் நான் கண்டிருக்கிறேன். வெறும் மருந்துப் போத்தல், வாயில் துளையிட்ட தகர மூடி, சீலைத் திரி, உள்ளே மண்ணெண்ணெய். பக்கத்துப் பாயிலே பிள்ளைகள் உறங்குவர். ஒருநாள் அத்தகைய விளக்கொன்று சரிந்தது. என்னோடு படித்த சிறுமியின் வலக்கை வெந்து, முழங்கை மடங்கியவாறே ஒட்டிப்போயிற்று. அவள் இடக்கையால் எழுதப் பழகினாள். ஊரார் ‘விதி’ என்றனர். நானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

அவ்வெண்ணத்தை மாற்றியவர் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர. விளக்கால் வெந்தவர்களுக்குச் சிகிச்சை அளித்த அவர், அதனோடு நில்லாது விளக்கின் வடிவையே ஆராய்ந்தார். உயரமான, இலேசான போத்தல் எளிதிற் கவிழும், கவிழ்ந்தால் உருளும், மூடி கழன்று எண்ணெய் சிந்தும். ஆகவே, மார்மைட் போத்தலைப் போன்று குட்டையும் கனமுமாய், இருபுறம் தட்டையாய், திருகு மூடியுடன் கூடிய ‘சுதீபா’ விளக்கை ஆக்கினார். அதற்காக 1998 இல் ரோலெக்ஸ் விருது பெற்றார். விதி என்று நாம் கைவிட்டதை ஒரு திருகு மூடி தடுத்ததன்றோ!

இன்று மின்விளக்கு வந்துவிட்டது. ஆயினும், 2022 இல் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை நீண்டபோது, மெழுகுதிரியும் மண்ணெண்ணெய் விளக்கும் எத்தனை வீடுகளில் மீண்டும் ஏற்றப்பட்டன! விளக்கில்லாத வீட்டிலும் தரையில் இறக்கிய கஞ்சிப் பானை உண்டு. பாயோரத்தில் வைத்த தேநீர்க் கோப்பை உண்டு. குழந்தையின் தோல் மெல்லியது. 60 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீர் ஓரிரு நொடிகளில் அதனைப் புண்ணாக்கிவிடும்.

“கவனமாயிரு” என்று தாய்க்கு உபதேசித்தல் எளிது. ஒரு கையிற் குழந்தையும் மறு கையில் அகப்பையுமாய் நிற்பவளின் கவனம் எப்போதும் ஒருநிலைப்பட்டிருக்குமா? மாறவேண்டியது பொருளின் இடமே. அடுப்பை மேடையில் ஏற்றுவோம். தவழும் பிள்ளை புகாதபடி அடுப்படிக்குச் சிறு தடுப்பு அமைப்போம். கேத்தலையும் அதன் மின்வடத்தையும் கைக்கெட்டாதபடி உள்ளே தள்ளி வைப்போம். அதனையும் மீறிச் சுட்டுவிட்டால், காயத்தின்மேல் 20 நிமிடம் குளிர்ந்த தண்ணீரை ஓடவிட்டு, மருத்துவமனைக்கு விரைவோம். பற்பசையும் எண்ணெயும் பூசுதல் தீங்கு.

ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். மாணவர்களை அவரவர் அடுப்படியைப் பார்த்துவரச் சொல்லுங்கள். தவழும் தம்பி தங்கையின் கைக்கெட்டும் தூரத்தில் சூடான பொருள்கள் எத்தனை உள்ளன என்று எண்ணி எழுதட்டும். மறுவாரம் அந்த எண்ணிக்கை எவ்வளவு குறைந்தது என்று கேளுங்கள்.