எந்தக் கால்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சென்னையில் ஓர் ஓவியர் தன் மாடி அறையில் நடத்தும் வகுப்புக்கு, மனித உருவத்தை நேரில் பார்த்து வரைய, நாங்கள் நால்வர் போனோம். ஒருவர் கவிஞர், ஒருவர் சிறுகதைக்காரர், ஒருவர் மொழிபெயர்ப்பாளர். நான் வங்கிக் குமாஸ்தா. மிச்ச நேரத்தில் விமர்சனம். நால்வருமே ‘உடல்’ என்ற வார்த்தையை அச்சில் தாராளமாகச் செலவழித்தவர்கள். பள்ளியை விட்ட பின் ஒருவர்கூட ஒரு மூக்கு வரைந்ததில்லை.

எதை எதிர்பார்த்துப் போனோம் என்பதை மறைப்பதில் அர்த்தமில்லை. ஒரு பெண்ணை எதிர்பார்த்தோம். வந்தவர் அறுபது வயதுப் பெரியவர், மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு மேடையேறினார். 1886இல் பிலடெல்பியாவில், மாணவிகள் இருந்த வகுப்பில் ஆண் மாடலின் இடைத்துணியை அகற்றியதற்காக தாமஸ் ஈகின்ஸ் பதவி விலக நேர்ந்தது. இங்கே அந்த ஆபத்து இல்லை. கவிஞர் முகத்தில் விழுந்த ஏமாற்றம் வேறு ரகம்.

முதலில் ஒரு நிமிஷ நிற்புகள் பத்து. ஒரு நிமிஷத்தில் கண், காது போட முடியாது. எடை எங்கே இறங்குகிறது என்ற கோட்டைத்தான் போடலாம். பத்து தடவையும் நான் முகத்திலிருந்து தொடங்கினேன். கழுத்துக்கு வருமுன் நேரம் முடிந்தது. பிறகு இருபது நிமிஷ நிற்பு. கையை நீட்டிப் பென்சிலைப் பிடித்து, தலையை அளவாக வைத்து உடம்பு எத்தனை தலை என்று எண்ணச் சொன்னார் ஆசிரியர். கைக்கும் விலாவுக்கும் நடுவே தெரியும் சுவரின் வடிவத்தைப் போடுங்கள், கை தானே வரும் என்றார். பெரியவர் வலது காலில் எடையை இறக்கி நின்றார். அப்போது வலது இடுப்பு மேலேறுகிறது. ஈடுகட்ட வலது தோள் தாழ்கிறது. நானோ இரண்டு தோளையும் தராசுத் தட்டு மாதிரி சமமாகப் போட்டிருந்தேன். அவரைப் பார்க்காமல், ‘தோள்’ என்ற வார்த்தையை வரைந்திருக்கிறேன்.

காசோலைக் கையெழுத்தை மாதிரிக் கையெழுத்தோடு இப்படி ஒப்பிட்டால் என் வேலை போய்விடும். பெயரைப் படிக்காதே, கோட்டைப் பார் என்பது அங்கே முதல் பாடம். விமர்சனத்தில் அந்தப் பாடத்தை மறந்தாலும் வேலை போவதில்லை.

டீ குடிக்கும்போது கேட்டேன்: நடராஜர் எந்தக் காலை ஊன்றியிருக்கிறார்? நால்வரில் இருவருக்குத் தெரியவில்லை. அதில் ஒருவன் நான். ஊன்றியது வலது, தூக்கியது இடது. கால் மாறி ஆடியது மதுரை வெள்ளியம்பலத்தில். ஆனால் தவறிய இருவரும் மதுரைக்காரர்கள் அல்ல. சோழர் செப்புத் திருமேனிகளின் ‘லயம்’ பற்றி நான் ஆறு பக்கம் எழுதியிருக்கிறேன்.

இது என்னோடு முடிந்திருந்தால் எழுத வேண்டியதில்லை. கவிஞர் நண்பர் அந்தப் பெரியவரைப் பற்றிய கவிதையை அச்சேற்றிவிட்டார். அதில் பசி அவர் விலா எலும்புகளை வீணையாக மீட்டுகிறது. பெரியவருக்கு விலா எலும்பு தெரியவில்லை. அகன்ற முதுகு, சின்னத் தொந்தி, பிடரியில் மூட்டை அழுத்திய காய்ப்பு. எட்டடி தூரத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தவர் அந்தக் காய்ப்பைப் பார்க்கவில்லை. ஏழை என்றால் விலா எலும்பு என்பதை வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார். நண்பர்கள் இதை மனிதாபிமானம் என்கிறார்கள். நான் அவமரியாதை என்கிறேன்.

கவிதை போட்டோ அல்ல, நவீன ஓவியமே உருவத்தைக் கைவிட்டுவிட்டதே என்று பதில் வரும். கே.சி.எஸ். பணிக்கர் 1963 முதல் எழுத்தும் குறியுமாகத் தீட்டினார். அதற்கு முன் மனித உருவத்தை ஆண்டுக்கணக்கில் வரைந்தவர். ஆதிமூலம் 1969இல் காந்தி நூற்றாண்டின்போது வரைந்த காந்திகளில் உருவம் கோடுகளாகக் கரைகிறது. ஆனால் அந்த மனிதர் எப்படி நிற்கிறார் என்பது கரைவதில்லை. கையில் இருப்பதைத்தான் கைவிட முடியும். நம்மவர்கள் கைவிட்டது எதை?

கிளம்புமுன் பெரியவர் எங்கள் தாள்களைச் சுற்றிப் பார்த்தார். என்னுடையதன் முன் நின்று, “கை சின்னதாப் போச்சு சார்” என்றார். தன் உள்ளங்கையை மோவாயில் வைத்துக் காட்டினார். விரல் நுனி நெற்றியின் மேல் வரை போயிற்று. என் படத்தில் கை மூக்கோடு நின்றுவிடும். அவர் பெயரை நாங்கள் யாரும் கேட்கவில்லை. கவிதையில் அவர் ‘முதியவன்’.

சென்ற இதழில் நான் எழுதிய மதிப்புரையில் ‘உடலின் மொழி’ என்ற பிரயோகம் மூன்று இடத்தில் வருகிறது. மூன்றையும் வாபஸ் வாங்குகிறேன். அந்தத் தொகுப்பில் ஒரு உடல்கூட ஒரு காலில்கூட நிற்கவில்லை. நண்பர் தன் விலா எலும்புகளைத் திரும்பப் பெறுவாரா?